பச்சைக்கல் மோதிரமும் பக்கத்தில் நின்ற சொந்தங்களும்

நகைக்கடையில் நிற்பவர்களுக்குக் கால்தான் வலிக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் வலிப்பது கன்னம், சிரித்துச் சிரித்து.

துணிக்கடையோ கைப்பேசிக் கடையோ, ஏதாவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் நான் சொல்வது புரியும். மலேசியாவில், சிரம்பான் நகரில் ஒரு நகைக்கடையில் கல் மோதிரப் பகுதி என்னுடையது. பிறந்தது பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர்கள். முன்பெல்லாம் நிச்சயத்துக்கு வெறும் தங்க மோதிரம் கேட்பார்கள். இப்போது பெண்கள் கைப்பேசியில் படத்தைக் காட்டி, "அக்கா, இந்த மாதிரி எமரல்டு வேணும்" என்கிறார்கள். மரகதம்தான். பெரியவர்கள் வாயில் அது பச்சைக்கல். மகள் எமரல்டு என்பாள், அம்மா பச்சைக்கல் என்பார், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். பெண் பார்க்க ஒரே காடியில், அதான் காரில், வருபவர்கள்கூட மோதிரம் பார்க்க வேன் பிடித்து வருகிறார்கள்.

டார்ச் லைட் அத்தை

கவிதா செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவள். நிச்சயம் ஆகப்போகும் பையனோடு வந்தாள். பையனோடு அவன் அத்தையும் வந்தார். அத்தையோடு அவருடைய கைப்பேசி டார்ச்சும் வந்தது. நான் எந்த மரகதத்தை எடுத்து வைத்தாலும் அத்தை வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்ப்பார். "உள்ள கீறல் இருக்கு, அடுத்தது எடும்மா" என்பார். மரகதம் என்றால் உள்ளே ரேகை ஓடத்தான் செய்யும், பாட்டில் மாதிரி பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ விக்கிறவ, அப்பிடித்தான் சொல்லுவே" என்றார். கன்னம் வலிக்கச் சிரித்தேன்.

கவிதாவுக்கு ஒரு கல் பிடித்துவிட்டது. மழை விட்ட பிறகு செம்பனை ஓலை இருக்குமே, அந்தப் பச்சை. அதை விரலில் போட்டவள் கழற்றவே இல்லை. அத்தை விடவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே விரிசல் உள்ள கல்ல வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது. நாளைக்கு ஏதாச்சும்னா நாங்க பொறுப்பில்ல" என்றார். பையன் கூரையைப் பார்த்தான். கவிதா மோதிரக் கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "அத்தே, உள்ள ஒரு கீறலும் இல்லாத மனுசி யாரு? உங்க அண்ணன் மகன் என்னைய டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாரா?"

சுண்டு விரல்

இன்னொரு குடும்பத்துக்கு ஜோசியர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். பச்சைக்கல் புதனுக்கு உரியது, அதைச் சுண்டு விரலில்தான் போட வேண்டும், மோதிர விரலில் போட்டால் குடும்பத்தில் கலகம் வரும். பெண்ணின் அம்மா சுண்டு விரலுக்கு அளவெடுக்கச் சொன்னார். பையனின் அம்மா, சபையில் சுண்டு விரலை நீட்டினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றார். இரண்டு சம்பந்திகளும் நான் விரல் அளவெடுக்கும் வளையத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கலகம் கல் வாங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. பையன் அதுவரை வாசலில் நின்று ஐஸ் மைலோ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்து பெண்ணின் மோதிர விரலைப் பிடித்து என்னிடம் காட்டிவிட்டு அம்மாக்களைப் பார்த்துச் சொன்னான்: "ஜோசியருக்கு எந்த வெரல்ல வேணும்னு கேளுங்கம்மா, அவருக்குத் தனியா ஒண்ணு எடுத்துப் போட்டு விட்டுருவோம்லா."

போர்டிக்சனிலிருந்து ஒரு ஆச்சரியம்

ஆச்சரியம் கொடுக்கப் போகிறேன் என்று தனியாக வரும் மாப்பிள்ளைகளைக் கண்டால் எங்களுக்குப் பயம். பிரகாஷ் அப்படி வந்தவர். போர்டிக்சன் ராணுவ முகாமில் வேலை. இருப்பதிலேயே உயரமான மோதிரத்தை எடுத்தார். கல் கோபுரம் மாதிரி தூக்கி நிற்கும். "பொண்ணு என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டேன். "அப்பாவோட பட்டறையில இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணே அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் சங்கீதா. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. அப்பாவின் பட்டறையில் அவள் கணக்கு எழுதவில்லை, லாரி இன்ஜின் பிரிக்கிறாள். இந்தக் கோபுரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு நட்டைக்கூடத் தொட முடியாது. மரகதம் வேறு கொஞ்சம் நொறுங்குகிற சாதி, ஓங்கி இடித்தால் போய்விடும். பிரகாஷ் முகம் வாடிப்போய், விளையாட்டு மாதிரி ஒன்று சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்பறம் பட்டறைக்குப் போகாம இருந்தா போட்டுக்கலாமே. அம்மாகூட அதான் சொல்றாங்க." நான் தட்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். விளையாட்டாகச் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகளில் எத்தனை பெண்களுக்கு வேலை போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சங்கீதா கோபப்படவில்லை. கல் இதுவே இருக்கட்டும், வேறு மாதிரி கட்ட முடியுமா என்று கேட்டாள். தங்கத்துக்குள் பதித்துச் சுற்றி விளிம்பு கட்டலாம், ஆனாலும் இன்ஜினில் கை வைக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்றேன். சரி என்றாள். அவள் இன்றைக்கும் லாரிக்கு அடியில்தான் இருக்கிறாள், பிரகாஷ் இன்றைக்கும் அவள் வீட்டுக்காரராகத்தான் இருக்கிறார். அன்று அவள் மோதிரப் பெட்டியை என் பக்கம் தள்ளி, அவர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னது இது: "கல்ல மட்டும் கீழ எறக்குங்கக்கா. நான் எறங்கறதா இல்ல."

சுமங்கலி கேட்டவர்

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பிரிந்து வந்தவள் நான். அடித்தார், வந்துவிட்டேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரெம்பாவிலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மாவுக்கு அது நிறையச் சொல்லியிருக்கிறது. என் கழுத்தைப் பார்த்தார், காலில் மெட்டியைத் தேடினார், பிறகு யாரிடமோ விசாரித்திருக்கிறார். நேராக முதலாளியிடம் போய், "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். சுமங்கலியா யாரையாச்சும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றார். கடை முழுக்கக் கேட்டது.

முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி. என்னை ஓரமாக அழைத்து, "மல்லிகா, கல்யாண சீசன் முடியிற வரைக்கும் ரிப்பேர் பக்கம் உக்காரேன்" என்றார். எனக்குக் காது சுட்டது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன், வந்தது அழுகையில்லை. "ரிப்பேர் பக்கம் போக நான் ஒண்ணும் ரிப்பேர் இல்ல, முதலாளி. வேணாம்னா வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றேன். நான் திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். கைகளைக் கண்ணாடி மேல் ஊன்றிக்கொண்டேன்.

பக்கத்து வளையல் பகுதியில் நிற்பது காக் நூர். மலாய்க்கார அக்கா. இத்தனை வருஷம் நம் ஆட்களுக்கு விற்று விற்று, நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். தன் இடத்தை விட்டு எழுந்து வந்து அந்த அம்மாவுக்கு எதிரில் நின்று, கன்னம் நிறையச் சிரிப்போடு கேட்டார்: "நான் எடுத்துக் காட்டட்டுமாம்மா? எனக்குப் புருசன் இருக்காரு. ரெண்டாவது புருசன், பரவாயில்லையாலா?"

மண்டோர் மகள்

புனிதா வங்கியில் வேலை பார்ப்பவள். அவள் அப்பா ஆறுமுகம் ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், பனை எண்ணெய்க் குலை வெட்டுபவர்களை மேற்பார்வையிடுபவர். மாப்பிள்ளை கணக்காய்வாளர். மாப்பிள்ளையின் அம்மா இலங்கைத் தமிழர். தன் மாமனார் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தவர் என்பதை உட்காரும் முன்பே எனக்குச் சொல்லிவிட்டார். ஆறுமுகம் அண்ணன் உட்காரவில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மோதிரத்தைக் கடைசியில் எடுத்தது யார் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், புனிதாதான் எடுத்தாள். எப்படி எடுத்தாள் என்பதுதான் விஷயம்.

அவள் ஒரு சதுர மரகதத்தைத் தொட்டாள். அந்த அம்மா தட்டை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். "எங்கட வீட்டில வைரம்தான் போடுறது, பிள்ளை. பச்சை எல்லாம் எங்கட ஆக்களுக்குப் பாக்க ஒரு மாதிரி இருக்கும்." பிறகு குரலைத் தணிக்காமலே என்னிடம், "அவைக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? நாங்கள் பாத்து எடுக்கிறம்" என்றார். புனிதாவின் விரல் தட்டிலிருந்து விலகிவிட்டது. அந்த விரல் விலகியதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் நான் சம்பளக்காரி. சிரித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளைதான் முதலில் அசைந்தார். "அம்மா, மோதிரம் அவள் போடப் போறது" என்று தட்டைத் திரும்பப் புனிதா பக்கம் வைத்தார். அந்த அம்மா விடவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் இதில் எல்லாம் விட்டுக்கொடுத்துப் போவதுதான் வழக்கம் என்று ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தே சொன்னார். அவர் மகளின் நாற்காலி முதுகில் கை வைத்தார். குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை: "நான் எங்கம்மா குடுத்தேன்? ஒங்க மகன அவதான் பாத்து எடுத்தா. மோதிரத்தையும் அவளே பாத்து எடுப்பா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

தேவன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். தினமும் காலையில் எங்கள் கடைக்கு எதிரில் பசியாறுவார், அங்கேதான் பழக்கம். என் கதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். பெடாஸில் இருக்கும் என் அண்ணனிடம் சொன்னோம். அண்ணன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு. ரெண்டாந் தடவைக்கு மோதிரம், தட்டு, சபை எல்லாம் எதுக்கு? ஊரு சிரிக்கும்" என்றார். முதல் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நிச்சயம் வைப்பேன், கோயில் மண்டபத்தில் வைப்பேன், மோதிரமும் போடுவேன் என்றேன். அண்ணன் வர மாட்டேன் என்றார். வர வேண்டாம் என்றேன்.

விடுமுறை நாளில் தேவனோடு எங்கள் கடைக்கே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நாற்காலி அவ்வளவு உயரம் என்பது அன்றுதான் தெரிந்தது. முதலாளி அன்பாகத்தான் ஒரு தட்டைக் கொண்டு வந்தார். எல்லாம் மெல்லிசுக் கம்பி மோதிரங்கள். "ஒனக்கு அமைதியா ஒண்ணு போதும்ல?" என்றார். "போதாது முதலாளி. முன் வரிசையில இருக்கிற பச்சைய எடுங்க" என்றேன். காக் நூர் எடுத்து வந்து போட்டுவிட்டார். எத்தனையோ பேர் விரலில் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் கையை நானே இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை. தேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏர்கோன் குளிர்காற்று கண்ணில் படுகிறது என்றார்.

நிச்சயத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சிரிக்க வந்தவர்கள் கொஞ்சம், சாப்பிட வந்தவர்கள் நிறைய. தேவன் மோதிரம் போடும் நேரத்தில் நிமிர்ந்தேன். செருப்பு விடும் இடத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. மோதிரம் ஏறியதும் நானே எழுந்து போய்க் கையை நீட்டினேன். இனி அவர் என்ன சொன்னாலும் கழற்றப் போவதில்லை என்ற முடிவோடுதான் நீட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சபைக்கே கேட்கிற மாதிரி அதட்டினார்: "இவ்ளோ சண்ட புடிச்சு எடுத்திருக்க, இன்னுங்கொஞ்சம் பெருசா எடுத்திருக்கக் கூடாதாலா?"

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: மோதிரம் விரலுக்குச் சேரவில்லையென்றால் எங்களிடம் கொண்டு வாருங்கள், சொந்தக்காரர்களுக்குச் சேரவில்லையென்றால் அப்படியே போட்டுக்கொண்டு போங்கள்.