பெரியப்பாவின் மொழிபெயர்ப்பு

என் பெரியப்பாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிலத்தில் தன் பங்கை எப்போதோ விற்று, ரங்கூனில் பசுந்தாங் பக்கம் கடை வைத்தவர் அவர். மூத்தவர் என்ற உரிமையை மட்டும் விற்காமல் வைத்திருந்தார்.

ஆற்றைக் கடந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் எங்கள் கிராமம். சுற்றிலும் பர்மியர் ஊர்கள். நடுவில் முப்பது நாற்பது தமிழ்க் குடும்பங்கள், எல்லாருக்கும் விவசாயம். எங்கள் பெரியவர்களுக்கு நெல் விலை பேசுவதற்கு மேல் பர்மியம் வராது என்று பெயர். என் அப்பா அதைக்கூடப் பேசமாட்டார். அதிகாரி வந்தாலும் வியாபாரி வந்தாலும் "அண்ணன் வரட்டும்" என்பார். பெரியப்பாவும் மடிப்புக் கலையாத லோஞ்சிக் கைலியும் வாயில் வெற்றிலையுமாக வந்து பேசி முடிப்பார். ஊரே அவரை வக்கீலைப் போல மதித்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவர் காரில் ஒருவரைக் கூட்டி வந்தார். தையல் தொழிற்சாலை கட்ட இடம் தேடும் பர்மியர். ரோட்டை ஒட்டிய எங்கள் வயல் அவருக்குப் பிடித்துவிட்டது. எங்களுக்கு இருந்ததும் அந்த ஒரு வயல்தான். களத்தில் பாய் விரித்து உட்கார வைத்தோம். நான் தேநீர் கொண்டுபோனேன்.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கொடுக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தமாட்டேன், பக்கத்து ஊரிலும் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று பர்மியத்தில் சொன்னார். பெரியப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவருக்குக் கொடுக்கலைன்னா கவர்மெண்டு சும்மாவே எடுத்துக்குமாம். அப்புறம் பிடி மண்ணும் மிஞ்சாது."

பள்ளிக்கூடத்தில் பர்மியத்தில் முதல் மார்க் வாங்குகிற பெண் ஒருத்தி தட்டோடு பக்கத்தில் நிற்கிறாள் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

"பொய்ப்பா! வேணாம்னா விட்டுடுங்கன்னுதான் அவரு சொன்னாரு. பெரியப்பா மாத்திச் சொல்றாரு!" என்று கத்தினேன்.

வெற்றிலை மெல்லுவது நின்றது. பாப்பா என்ன சொல்கிறாள் என்று வந்தவர் விசாரித்தார். ரங்கூன் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று பெரியப்பா பர்மியத்தில் குழைந்தார். அந்த மனிதர் சிரித்தார். இவரிடமே பர்மியத்தில் சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன். "சயா" என்று மரியாதையாக அவரைக் கூப்பிட்டதோடு சரி, அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

"பெரியவங்க பேசுறப்ப உனக்கென்ன வாய்? உள்ள போ!" என்றவர், பெரியப்பாவிடம் தணிந்த குரலில், "நீங்க சொன்னா சரிண்ணே" என்றார்.

மழைக்காலத்துக்குள் வயலில் தகரக் கொட்டகை எழுந்தது. பெரியப்பாவின் கடைக்கு மாடி எழுந்தது. நாங்கள் பசுந்தாங்கில் ஓர் ஒற்றை அறைக்கு வந்தோம். பயிர் வைத்த அப்பா போட்டாதாங் படகுத்துறையில் அடுத்தவர் அரிசி மூட்டையைச் சுமந்தார்.

ஒரு மதியம் சோறு கொண்டுபோனபோது, அவர் படகுக்காரர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சரளமான பர்மியம். எனக்கே தெரியாத வசவெல்லாம் வந்து விழுந்தன. வீட்டுக்கு ஓடி, "ரங்கூன் வந்து ரெண்டு மாசத்துல அப்பா எப்படிப் பேசக் கத்துக்கிட்டாங்க பாரும்மா!" என்று பெருமையடித்தேன். அம்மா அடுப்பைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை.

இப்போது ரங்கூனிலேயே தின்கன்ஜூனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எந்த மொழியும் இரண்டு மாதத்தில் வராது என்பது எனக்குத் தெரியும். களத்தில் பேசியது ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. வெளியாள் முன்னால் அண்ணன் பொய்யனாகிவிடக் கூடாதென்று வயலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மானத்துக்கு அம்மாவும் நானும் சேர்ந்து விலை கொடுத்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவை என்னால் வாய் நிறையத் திட்ட முடிகிறது. அப்பா மேல் இருக்கும் கோபத்தைத்தான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

அடி வாங்கிய அன்று வைக்கோல்போருக்குப் பின்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். நான் சொன்னதை அப்பா நம்பவில்லையே என்றுதான் அழுதேன்.