புகைக்குப் பூத்த அன்னாசி

ஜப்பான்காரர் காலத்தில் பினாங்குக் கடைகளிலிருந்து டின்பால் மறைந்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். எனக்கும் பால் வற்றிக்கொண்டு வந்தது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஆடு வளர்த்தார். தினமும் காலையில் ஒரு குவளைப் பால் தருவார். அதற்கு ஈடாக, எங்கள் வீட்டுப் பின்வளவில் காய்க்கப்போகும் அன்னாசியில் பாதி அவருக்கு. சீனப் பெருநாள் பூசைக்கு அன்னாசி இல்லாமல் முடியாது, எந்தக் காலத்திலும் விற்றுவிடலாம் என்பார். ஆனால் என் கணவர் நட்ட பதினாறு செடிகளும் ஒரு வருடம் கடந்தும் இலையாகவே நின்றன.

கணவர் அக்கரையில், கெப்பாலா பத்தாஸில், விவசாய அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஃபெரி ஏறி வருவார். அவர் இல்லாத ஒரு நாள், இங்கிலீஷ் புத்தகம் வைத்திருக்கும் வீடுகளைச் சோதிக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. அவரைக் கேட்காமல் செய்யலாமா, கேட்பதற்குள் ஆட்கள் வந்து நின்றால் என்ன செய்வது என்று அரை நாள் குழம்பினேன். பிறகு அலுமாரியைக் காலி செய்தேன். நான்கு வட்டங்களாகப் பூவின் உறுப்புகளை வரைந்து பரிசு வாங்கிய என் பள்ளித் தாவரவியல் கொப்பியும் அதில் போனது. தெருவுக்குத் தீ தெரியக்கூடாது என்று அன்னாசிப் பாத்தியின் நடுவில் குழி வெட்டினேன். முதல் நாள் பெய்த மழையில் மண் ஈரம். புத்தகங்கள் எரியவில்லை, புகைந்தன. மாலைவரை அந்தப் புகை கலையாமல் செடிகளின்மேல் படிந்து கிடந்தது.

மறுநாள் வெளி இலைகளெல்லாம் நுனி கருகியிருந்தன. பால் கொண்டுவந்த அக்கா பாத்தியைப் பார்த்தபடியே நின்றார்.

"படிச்ச பொண்ணுன்னு நெனச்சேன். செடிக்கு நடுவுலயா நெருப்பு வைப்ப?"

"சாகாது அக்கா. குருத்து பச்சையாத்தான் கிடக்கு," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

"ரெண்டு மாசம் பாக்குறேன். குருத்து காஞ்சா பாலை வேற வீட்டுக்குக் குடுத்துருவேன். எனக்கும் வயிறு இருக்குலா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதன்பின் தினமும் பிள்ளை எழும்புமுன் போய் இலைகளை விலக்கிக் குருத்தைப் பார்ப்பேன். தண்ணீர் ஊற்றுவேன். ஊற்றி அழுகவைத்துவிட்டேனோ என்று மறுநாள் நிறுத்துவேன்.

ஏழாவது வாரம் ஒரு செடியின் நடுக்குருத்து சிவந்திருந்தது. உள்ளே வெந்து இப்போதுதான் சாகிறது என்று நினைத்தேன். மூன்று நாளில் பதினாறும் சிவந்தன. அக்கா பின்வளவுக்கு வந்துவிடக்கூடாதென்று வாசலுக்கே போய்ப் பாலை வாங்கிக்கொண்டேன்.

சிவப்புக்குள்ளிருந்து சின்னக் கூம்பு எழும்பியது. பிறகு ஒரு காலை, அதன் அடிப்பக்கம் சுற்றிலும் ஊதாப் பூக்கள். அன்னாசி ஒற்றைப் பூவின் காய் அல்ல; ஏறக்குறைய நூறு பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகின்றன. இன்று கீழே உள்ளவை விரிந்து வாடின, மறுநாள் அவற்றுக்கு மேலே இருந்தவை விரிந்தன. ஒன்றைப் பறித்து நகத்தால் பிரித்தேன். மூன்று புல்லிதழ், மூன்று அல்லிதழ், ஆறு மகரந்தத்தாள், நடுவில் சூலகம். இன்னொன்றைப் பிரித்தேன், வேறொரு செடியிலும் பார்த்தேன். ஒன்றுகூட எண்ணிக்கை தவறவில்லை.

காரணத்தைப் போர் முடிந்த பிறகுதான் படித்தேன். புகையில் எத்திலீன் என்றொரு வாயு உண்டாம். செடி தனக்குள்ளும் அதை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் ஹார்மோன்களில் அதுவும் ஒன்று. வளர்ந்த அன்னாசிக்கு அது பட்டால், இலையாகவே விட்டுக்கொண்டிருந்த குருத்தின் நுனி அதை நிறுத்திவிட்டுப் பூவாக்கத் தொடங்குகிறது. ஆனால் எந்த வட்டத்தில் எந்த உறுப்பு, எத்தனை என்பதைப் புகை சொல்லவில்லை. அது மரபணுக்களில், செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும், முதலிலிருந்தே இருந்திருக்கிறது. கருகிய இலைகளுக்கு நடுவிலும் அது எதையும் மறக்கவில்லை. நான் பயத்தில் மூட்டிய புகை, நேரமாகிவிட்டது என்று மட்டும் அதற்குச் சொல்லியிருக்கிறது.

பூக்களைப் பிரித்துப் பார்த்த அன்று இதெல்லாம் தெரியாமல் பாத்தியோரம் குந்தியிருந்தேன். வாசலில் என்னைக் காணாத அக்கா பால் குவளையோடு பின்வளவுக்கே வந்துவிட்டார். குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு சிரித்தார்.

"எல்லாம் ஒரே நேரத்துல பெரிய மனுஷி ஆயிருச்சே. எந்த வீட்டுல இப்படி நடக்கும்?"

சந்தோஷம் வந்த கையோடு அடுத்த கவலையும் வந்தது.

"எல்லாம் ஒண்டாக் காய்ச்சு முடிஞ்சா, பிறகு பாலுக்கு நான் என்ன தாறது அக்கா?"

"அதுக்குள்ள உம் புள்ள சோறு தின்னும்," என்றார். "சோறு கெடைச்சா."

குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் பூக்களைப் பார்க்கக் குனிந்தார்.