உலுக்கட்டா என்று கேட்ட வெள்ளையன்

செய்தி வந்தபோது கடற்கரைக் கொட்டகையில் ஒரு அலைச்சறுக்குப் போர்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழரை இருக்கும். கைப்பேசியில் வெள்ளையனின் தம்பி சடையன். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி ஏறி வந்து பேசுகிறான் என்பது மூச்சிரைப்பிலேயே தெரிந்தது.

"அண்ணன் போய்ட்டாருங்க. நேத்து சாயங்காலம் புளியமரத்துலர்ந்து வுழுந்துட்டாரு. செங்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ள வழியிலயே..."

நான் கேட்ட முதல் கேள்வியை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவன் மனைவி மல்லிகா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அடக்கம் எப்போது என்று கேட்கவில்லை. "எந்தக் கையால புடிச்சிருந்தான்? வலது கையா?" என்று கேட்டேன்.

"தெரிலீங்க. நீங்க வாங்க" என்று சடையன் போனை வைத்துவிட்டான்.

அவனுடைய வலது தோளின் கதை நம் அலைச்சறுக்குக் கூட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு தீவில், கடலடிப் பாறையான பவளப் பாரில் அடிபட்டுப் போன தோள். அன்று அவனைத் தண்ணீருக்கடியிலிருந்து இழுத்து வந்தவன் நான் என்பதும் தெரியும், அவனே மூலை முடுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவனிடம் சொல்ல ஆறு வருடமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாசியில், புளி உலுக்கும் சமயத்தில் அவன் ஊர் மலைக்குப் போய்க் கட்டாயம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். இனி உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வெள்ளையன் எங்கள் குப்பத்துக்கு வந்தது ஒரு லாட்ஜ் கட்டடத்தில் கலவை போடும் வேலைக்கு. சாப்பாட்டு நேரத்தில் மணலில் உட்கார்ந்து நாங்கள் அலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் "எந்த ஊருபா?" என்று கேட்டேன். "மலைமேல, ஜமுனாமரத்தூராண்ட" என்றான். "அட, நான் செங்கம்பா!" என்றேன். அன்றிலிருந்து என் பெயர் செங்கம். பெற்றவர்கள் வைத்த பெயரை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. இருவரும் கடலைப் பார்த்ததே இருபது தாண்டித்தான். "ஏரியில எருமை கழுவுன ரெண்டு பேரு வந்துட்டாங்கடா" என்று மீனவப் பையன்கள் சிரிப்பார்கள். மூன்றே வருடத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. அதற்கு வெள்ளையன்தான் காரணம், நான் இல்லை.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மலையில் புளி உலுக்கும்போது, மேலே கிளையில் நிற்கிறவர் "உலுக்கட்டா?" என்று கேட்பார். கீழே பொறுக்குகிறவர்கள் ஒதுங்கி நின்று "உலுக்கு!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் உலுக்கக் கூடாது. யார் தலைமேல் எது விழும் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. வெள்ளையன் இதை அப்படியே கடலுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஒவ்வொரு அலையில் ஏறும் முன்பும் எங்கள் பக்கம் திரும்பி "உலுக்கட்டா?" என்பான். பதில் வந்தால்தான் போவான். "அலையைப் போய் உலுக்கப் போறியா? அது தானா உலுக்கும், நீ ஏறுடா!" என்று கத்துவோம். பதில் வருவதற்குள் எத்தனையோ நல்ல அலை அவனைத் தாண்டிப் போயிருக்கிறது. அவன் கவலைப்பட்டதே இல்லை.

ஒரு முறை புயலுக்கு முந்தின நாள் கடலில் இறங்கலாம் என்று நான் அடம்பிடித்தேன். அவன் மாட்டேன் என்றான். "பயந்தாங்கொள்ளி" என்று திட்டினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்பது உங்களுக்குத் தெரியாததா! அவன் போர்டைச் சாய்த்து வைத்துவிட்டு, "பயம் நம்ம வூட்டு நாய் மாதிரிபா. சும்மா குலைக்காது. குலைச்சா எழுந்து போய் பாக்கணும்" என்றான். நான் தனியாக இறங்கி, போர்டை இரண்டாக உடைத்துக்கொண்டு வந்தேன். அதை ஒட்டிக் கொடுத்தவனும் அவன்தான். ஒட்டும்போது ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது தீவு. அந்தமானுக்குத் தெற்கே என்று மட்டும் சொல்கிறேன். பெயரை எழுதினால், ரகசியம் போய்விட்டதென்று நம் கூட்டமே என்னை அடிக்க வரும். மூன்று நாள் கப்பல், பிறகு இன்னொரு கப்பல், பிறகு ஒரு மணி நேரம் மோட்டார் படகு. அங்கே கடலடி பாதாளத்திலிருந்து திடீரென்று பாராக மேலே எழும்புகிறது. அதனால் அலையும் முன்னறிவிப்பில்லாமல் எழும்பும். ஒரு நிமிடம் கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடுத்த நிமிடம் இரண்டு ஆள் உயரச் சுவர். அது மடங்கி விழும் இடத்தில் பவளத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர்தான். கடல் இறங்கும் வத்தம் வந்தால் முழங்காலளவு. பழகாதவன் அங்கே இறங்கவே கூடாது.

படகுக்காரர் யாக்கோபு தமிழ் பேசுகிறவர். பாருக்குப் பக்கத்தில் ஆழமான வழியில் படகை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "தண்ணி வத்திக்கிட்டிருக்கு. நான் சட்டையை வீசினா வந்துடணும். அதுக்கு மேல ஒரு அலைகூட வேண்டாம்."

முதல் இரண்டு மணி நேரத்தில் எனக்கு ஒன்றும் அமையவில்லை. ஒன்றில் ஏறி, தலைகுப்புற விழுந்து, முதுகைப் பவளத்தில் தேய்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளையனுக்கு இரண்டு அமைந்தது. இரண்டாவது, வாழ்நாளில் ஒரு முறை வருகிற அலை. "உலுக்கட்டா?" என்றான், நான்தான் "உலுக்கு" என்றேன். அது அவனை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு, பாரின் கடைசியில் வெளியே விட்டது. திரும்பி வந்தவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "செங்கம், உள்ள வூடு மாதிரி இருக்குதுபா! குந்தி கஞ்சி குடிக்கலாம்!" என்றான். நான் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அடுத்த அலையில் நான் மறுபடி விழுந்தேன். ஆழ வழியாகச் சுற்றி, அவனுக்கும் வெளியே, கடல் பக்கமாக வந்து போர்டில் படுத்துக்கொண்டேன். நான் சுற்றி வந்ததை அவன் பார்க்கவில்லை. எங்கள் நடுவே கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் ஒருவர் தலை ஒருவருக்குத் தெரியவில்லை. பாரின் கறுப்பு முதுகு அங்கங்கே தெரிய ஆரம்பித்திருந்தது. யாக்கோபு சட்டையைக் கழற்றி வீசினார். அப்போதுதான் தூரத்தில் மூன்று கோடு எழுந்தது. அன்றைய அலைகளில் கடைசிக் கொத்து.

முதல் அலை அவனுக்குச் சரியாக வந்தது. "உலுக்கட்டா?" என்றான்.

எனக்குக் கேட்டது. கரைக்காற்று அவன் குரலை நேராக என் காதில் கொண்டுவந்து போட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பதில் வராவிட்டால் அவன் போகமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் அந்த அலையை விட்டு ஒதுங்குவான், அடுத்தது எனக்கு. இவ்வளவுதான் என் கணக்கு.

"செங்கம்! உலுக்கட்டா?" மறுபடியும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது முறை குரல் மாறியிருந்தது. "செங்கம்! எங்கபா கீற?"

அலை அவனை விட்டுவிட்டுப் போய் உடைந்தது. இரண்டாவது அலை எனக்குக் கீழே எழுந்தது. நான்கு முறை கையால் தண்ணீரைத் தள்ளி எழுந்து நின்றேன். உச்சியிலிருந்து கீழே பார்த்தேன். வெள்ளையன் உள்ளே, அலை மடங்கி விழும் இடத்தில் இருந்தான். நான் விழுந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, யாரும் போகக் கூடாத அந்த இடத்துக்குப் போய், போர்டில் உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நுரையில் என் தலையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"வெள்ள!" என்று கத்தினேன். திரும்பினான். மேலே அலையில் நிற்கிற என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை. 'அப்பாடா' என்பதுதான் வந்தது. பிறகு அலை எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது.

நான் மேலே வந்தபோது அவன் போர்டு மட்டும் பாரின் ஒரு ஆழமான வெடிப்புக்கு மேல், பாதி தண்ணீரில் செங்குத்தாக நின்று நடுங்கியது. போர்டையும் காலையும் சேர்த்துக் கட்டிய கயிறு பவளத்தில் சிக்கி, அவன் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாவது அலை வந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன். ஒரு கையால் கணுக்கால் பட்டையைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னொரு கை சும்மா மிதந்தது. பட்டையைப் பிய்த்து, இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினேன். மூன்றாவது அலை எங்களை ஆழ வழிக்கே உருட்டிக்கொண்டு போனது. கடவுள் புண்ணியம், யாக்கோபு அங்கே இருந்தார்.

நீங்கள் கேட்ட கதை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

படகுப் பலகையில் கிடந்தபடி அவன், "நீ உள்ள மாட்டிக்கினேன்னு நெனச்சேன்பா" என்றான். சொல்ல அதுதான் நேரம். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோள் சரியாகவே இல்லை. இரண்டு முறை கட்டுப்போட்டும், கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பாதியில் நின்றுவிடும். மலைக்குத் திரும்பிச் சாமை விதைத்தான், புளி எடுத்தான். அடுத்த வருடம் நம் கடற்கரைப் போட்டியில் அவனே மேடையேறி, மைக்கைப் பிடித்து, "இவன் இல்லன்னா நான் இல்ல" என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினானே, நீங்கள் கைதட்டினீர்களே. இடது கையால்தான் போர்த்தினான். அந்தச் சால்வையை நான் ஒரு நாளும் பிரித்ததில்லை.

அடக்கத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். செங்கத்திலிருந்து மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் அதே கேள்வி. அந்தக் கை பிடிக்காமல் விட்டதால்தான் விழுந்தானா? மண் போட்டு முடிந்ததும் சடையன் என்னைத் தனியாக அழைத்துப் போனான். மரத்தடியில் முறிந்த கிளை கிடந்தது. உள்ளே முழுக்கக் கரையான்.

"கை இல்லீங்க" என்றான். "கிளையோட வந்தாரு. ரெண்டு கையும் புடிச்ச புடி வுடல."

எனக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்காக என்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் புளியின் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்ங்க" என்றாள். "அவரு எப்பவோ சொல்ட்டாரு. 'அலை மேல நின்னுனு வந்தான் மல்லி. அப்ப எனக்கு வெளியதான் இருந்திருக்கான். காத்து அந்தப் பக்கம். நான் கூப்ட்டது கேக்காம இன்னா'ன்னாரு."

"கோவப்படலையா?"

"படாம? அந்த மழைக்காலம் முழுக்க உங்க போனை எடுக்கலையே, மறந்துட்டீங்களா? சிக்னல் இல்லன்னு சொல்லச் சொன்னாரு." ஒரு ஓட்டை உடைத்துப் போட்டாள். "அப்புறம் வுட்டுட்டாரு. 'அவனா சொல்லுவான்'னாரு. நீங்க வர்றப்பல்லாம் பாத்துனே இருந்தாரு. நீங்க போன பெறகு, 'இந்த வாட்டியும் சொல்லல'ன்னுவாரு. அவ்ளோதான்."

ஆறு வருடம். பதில் வராமல் ஒரு அலைகூட ஏறாத மனிதன், எனக்காக ஆறு வருடம் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறான். நான் அவன் வீட்டில் சாமைச் சோறு தின்றுவிட்டு, தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். வாசலில் உட்கார்ந்து அழுதேன். மல்லிகா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

மறுநாள் காலை மேகம் கறுத்தது. மழை பட்டால் மரத்தில் மிச்சமிருக்கும் புளி கெட்டுவிடும் என்று சடையன் ஏறினான், நல்ல கிளையாகத் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்து. கீழே நான்கைந்து பெண்கள், மல்லிகா, நான். மேலேயிருந்து குரல் வந்தது.

"உலுக்கட்டா?"

எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள், ஆனால் யாருக்கும் குரல் எழும்பவில்லை. சடையன் கிளையைப் பிடித்தபடி நின்றான். மறுபடி கேட்டான். மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"உலுக்கு!" என்று கத்தினேன். புளி பொலபொலவென்று கொட்டியது.

வெள்ளையனுடைய பொருள் எதையும் நான் எடுத்து வரவில்லை. மல்லிகா அவன் போர்டைக் கொடுத்தாள், சடையனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் கேள்வி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு அலைக்கு முன்னாலும் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்பேன். இதைப் படித்த பிறகு உங்களில் சிலருக்கு என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம், அது நியாயம்தான். பதில் வராவிட்டால் நான் போகமாட்டேன், காத்திருப்பேன்.