செல்லையா தம்பியின் விமானத்துக்கு எடை போட்ட நாள்

நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது இருந்தவர்கள்: நான், என் மருமகள் புஷ்பம், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா மேரி. வாசலில் குடையை மடக்காமல் நின்ற ஒருவரும் உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பெயரைக் கடைசியில் சொல்கிறேன். புஷ்பம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "சின்ன மாமா போயிட்டாங்க அத்தை" என்றாள்.

செல்லையா என் கணவரின் தம்பி. வெளிநாட்டில் விமானம் பழுதுபார்க்கும் பட்டறையில் உழைத்தவர். வேலை முடித்து, ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, டிவியும் பிரிட்ஜும் இறங்குமென்று லொறியைச் சுற்றி நின்றோம். இறங்கியவை மரப்பெட்டிகள். உள்ளே குழாய், தகடு, துணிச் சுருள். வாங்கியவர் தாமே பூட்டிச் செய்துகொள்ளும் சின்ன விமானமாம். இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் நாலு மூட்டை போடலாம்.

"இதுக்கு ஒரு வேன் வாங்கியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"வேன்ல போனா லயத்துக் கூரை தெரியாது மதினி. ஒருக்கா மேல இருந்து பாத்துட்டு வந்துர்றேன்."

மூடிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில் வேலை நடந்தது. முன்பு கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை நாங்கள் விட்டுப்போன இடம் அது. இறக்கைத் துணியைத் தைக்க என்னையும் மேரியையும் கூப்பிட்டார். விலா எலும்பு மாதிரியான சட்டங்களோடு துணியைச் சேர்த்துத் தைத்து, தையலுக்குத் தையல் முடிச்சுப் போட வேண்டும். மேரி ஒரு முடிச்சை விட்டுவிட்டாள். வரிசை முழுவதையும் பிரிக்க வைத்தார்.

"உங்க பொஞ்சாதி எப்பிடித்தான் உங்களோட குடும்பம் நடத்துனாங்களோ" என்றாள் மேரி.

"அவ முடிச்சு விட்டதே இல்ல புள்ள."

இதயம் பலவீனம், அதிக காலம் தாங்காது என்று டாக்டர் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னார். "அதுக்குள்ள பைலட் பக்கத்துல ஒருக்கா ஏறி உக்காந்துறணும் மதினி" என்றார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பறக்க அனுமதி கேட்குமுன் விமானத்தின் எடையை எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் தராசு இருப்பது கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையிடம். மறுக்காமல் மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு கொண்டுவந்தார். தூறலில் நின்று அவர் எடையைக் கூவ, தம்பி எழுதிக்கொண்டார்.

பிறகு கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து தம் தராசில் வைத்தார். எடை கூடி நின்றது. எடையே சரியில்லாததை எப்படி மேலே அனுப்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாம் முதலிலிருந்து தொடங்கி, மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். தலையைச் சொறிந்தார்.

"மழையில நனஞ்சிருந்துச்சில்லங்க. தண்ணிக்குக் கழிச்சேன். எப்பவும் கழிக்கிறதுதானே."

கொழுந்து பறித்தவர்களுக்கு இது தெரியும். ஈரக் கொழுந்தைக் கொண்டுபோய் வைத்தால், தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எடை சொல்வார். என் கூடையில் கழித்தது எந்த மலையில், எந்த மழையில் என்று இன்றும் சொல்வேன். வாய் பழகிய பழக்கத்தில் விமானத்துக்கும் கழித்துவிட்டார்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "விடுங்க மதினி. அவருக்கு விமானமும் கொழுந்துக் கூடைதான்."

மறுபடி நாள் குறித்து வந்தது. இறக்கையைக் கழற்றிச் சமவெளிக்குக் கொண்டுபோக லொறிகூடப் பேசியாயிற்று. அதற்கு முந்திய வாரம் அவர் கண்ணை மூடிவிட்டார்.

தம்பியின் சவப்பெட்டி எடுத்த அன்று விமானத்தை லயத்துக்கு முன்னால் தள்ளிவந்து நிறுத்தினோம். மூக்கில் சந்தனம் வைத்தேன். மலை இடுக்கிலிருந்து காற்று வந்ததும் இறக்கை துடித்தது. நானும் மேரியும் இறக்கையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தோம். கயிறு எங்கள் கைகளை மேலே இழுத்தது. தையலில் ஒரு முடிச்சும் விடவில்லை. கணக்கப்பிள்ளையும் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். அழுதார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

போய் வாருங்கள் தம்பி. லயத்துக் கூரை இப்போது தெரிகிறதா? தகரம் பறக்காமல் நாங்கள் ஏற்றி வைத்த கல்லும் தெரியும், பாருங்கள். நீங்கள் சிரித்து, அவரை விட்டுவிட்டீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வராது. தண்ணிக்கென்று உங்கள் பயணத்தையே கழித்தவரை நான் மன்னிக்க மாட்டேன்.

பெயர் ஆறுமுகம்.