பெட்டி மூடியில் ஒரு பனை

என் வீட்டு அரிசி டிரம்மை மூடியிருப்பது ஒரு தேயிலைப் பெட்டியின் மூடி. சாதாரண ஒட்டுப்பலகைதான். ஓரங்களில் தகரப் பட்டையைப் பிடுங்கிய ஆணித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கத்தில் எஸ்டேட் முத்திரை பாதி அழிந்து தெரியும். மறுபக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாயிற்று, சோடா உப்புப் போட்டும் பார்த்தாயிற்று, அந்தச் சாம்பல் நிறம் போகவில்லை. அது அழுக்கு இல்லை, அடுப்புக் கரி. வரைந்து வரைந்து, ஈரத் துணியால் அழித்து அழித்து மரத்துக்குள் இறங்கிவிட்ட கரி. நாளைக் காலை பஸ்ஸுக்குப் போக வேண்டியவள் இப்போது உட்கார்ந்து இந்த மூடியை ஏன் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால், என் மதினியை நினைத்துத்தான்.

எழுபதுகளில் நாங்கள் கேரளத்தில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் மலைக்கு வேறு வேலையே கிடையாது. பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டில் நனைந்தபடி கொழுந்து எடுப்போம், நனைந்தபடி வந்து அடுப்பைச் சுற்றி உட்காருவோம், கட்டின துணி காயாமலே மறுநாள் அதையே கட்டுவோம். மற்ற நாளில் வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் என்னைக் கொல்லும். எனக்கு அப்போது பதினாறு வயது. உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. கதவைத் திறப்பேன், மழையைப் பார்ப்பேன், சாத்துவேன், மறுபடியும் திறப்பேன். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா திட்டுவாள். இந்த மலையை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் என் யோசனை. எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குமுளியைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை.

லயத்தின் கடைசி வீட்டில் உபதேசியார் குடும்பம் இருந்தது. எஸ்டேட்டில் இருந்த சின்ன வேதக் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர் அவர். அவர் வீட்டம்மா ஒரு தடவை பெண்கள் கூட்டத்துக்குக் கோட்டயம் போய்விட்டு வந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். சீட்டுகளில் பெயர்கள் எழுதி ஏலக்காய் டப்பாவில் போட்டுக் குலுக்க வேண்டும். ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ளதை வரைந்து காட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, சைகை காட்டவும் கூடாது. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். உபதேசியாரம்மா விவரமானவர். சாமி கும்பிடுகிறவர்களும் ஜெபம் பண்ணுகிறவர்களும் ஒரே அறையில் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்து, காவடி, கரகம், பொங்கப்பானை என்று எழுதிவிட்டு, கூடவே வேதக் கோயில் விருந்தான அசனச் சாப்பாடு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்றும் எழுதிப் போட்டிருந்தார். நாம் இருக்கிற ஊரை விடலாமா என்று ஓணப் பூக்களமும் கதகளியும் வள்ளங்களிப் படகுப் போட்டியும் உண்டு. ஃபாக்டரியில் வேலை பார்த்த என் அண்ணன் உடைந்த பெட்டி ஒன்றின் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் பலகை, அடுப்புக் கரிதான் பென்சில். மூன்று ஞாயிறு போவதற்குள் லயமே உபதேசியார் வீட்டு அறையில் வந்து அடைந்துகொண்டது.

என் அண்ணன் மனைவிதான் மதினி. திருநெல்வேலிச் சீமையில் தேரிச் செம்மணல் பக்கத்து ஊர். தூரத்துச் சொந்தம். கல்யாணம் முடிந்து வருஷம் ஒன்று ஆகியும் வீட்டில் அவள் குரல் அதிகம் கேட்காது. மாமனார் இருந்தால் பேச மாட்டாள், மாமியார் பேசினால் பதில் சொல்ல மாட்டாள், அண்ணனிடம் அடுப்படியில் மட்டும் ஏதோ முணுமுணுப்பாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்ட விளையாட்டு அவளுக்கென்றே செய்தது போல ஆகிவிட்டது. கரியைக் கையில் எடுத்தால் அவள் வேறு ஆள். முழங்கையில் கரி, மூக்கில் கரி, கண் இரண்டும் அப்படி மின்னும்.

ஆனால் அவள் வரைந்தது எங்களுக்குப் புரிய வேண்டுமே! ஒரு நாள் அவளுக்குத் 'தேர்' என்று சீட்டு வந்தது. நாலு சக்கரம், அடுக்கடுக்காக மேலே தட்டுகள், உச்சியில் கலசம், முன்னால் வடம், வடத்தைப் பிடித்த ஆட்கள் எல்லாம் கச்சிதமாகப் போட்டாள். எங்களில் பாதிப் பேர் மலையிலேயே பிறந்தவர்கள். தேரைக் கண்ணால் கண்டவர் யார்? "ஃபாக்டரி!" என்று ஒருவன் கத்தினான். "இல்ல, டீப்பெட்டி ஏத்துன லாரி. சேத்துல மாட்டிக்கிச்சு, கயிறு கட்டி இழுக்காங்க" என்றேன் நான். அறையே ஆமாம் ஆமாம் என்றது. எங்கள் ரோட்டில் அதுதானே தினமும் நடந்தது? மதினியும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் துணியால் அழிக்கும்போது அவள் கை மெதுவாகப் போனதை நான் பார்த்தேன். தன் ஊரில் நிற்கிற எதுவும் இந்த மலையில் செல்லுபடியாகாது என்று அன்றுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்போது மதினிக்கு ஆறு முடிந்து ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. தலைப் பிரசவம். எங்களில் ஒரு முறை உண்டு: பிறந்த வீட்டு ஆட்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, புளிச்சோறும் எலுமிச்சைச்சோறும் தயிர்ச்சோறும் எல்லாருக்கும் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். கூப்பிட ஆள் வராமல் பெண் தானாகப் போகக் கூடாது. அது கௌரவக் குறைச்சல். மதினி வீட்டிலிருந்து ஆள் வருவதாக இல்லை. அப்பா கிடையாது. அம்மா பஸ்ஸில் மலை ஏறியதே இல்லாத மனுஷி. மிச்சம் இருப்பது அவளுடைய தம்பி ஒருவன். காய்ச்சலில் கிடந்த நான் போகாத அந்தக் கல்யாணத்தன்று எங்கள் பஸ் வழியில் பழுதாகி நின்று, எங்கள் ஆட்கள் பந்தி முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, இலை போடவில்லையே என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தம்பி, "இலை கிள்ளுத ஆளுகளுக்கு இம்புட்டு வீறாப்பா" என்று எங்கள் தேயிலை வேலையைக் குத்திச் சொல்லிவிட்டான். அண்ணன் அங்கேயே தீர்த்துச் சொல்லிவிட்டான்: அவன் மலை ஏறி வந்து கூப்பிடாமல் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அவனும் வருவதாக இல்லை, இவனும் இறங்குவதாக இல்லை. "இங்கன ஆஸ்பத்திரி இல்லையா, நானெல்லாம் இங்கனதானே பெத்தேன்" என்று அம்மா சொன்னாள். மதினி கேட்டுக்கொண்டே உலையை இறக்கினாள். ராத்திரி புரண்டு புரண்டு படுப்பாள், பகலில் நின்றுகொண்டே சாப்பிடுவாள், அடிக்கடி வாசலுக்கு வந்து கீழே போகிற ரோட்டைப் பார்ப்பாள். என்னை விட நிலைகொள்ளாமல் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். மழை வலுத்தால் குமுளி இறக்கத்தில் மண் சரியும், பஸ் நின்றுவிடும். போவதானால் இப்போதே போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும்.

அந்த ஞாயிறு நல்ல மழை. உபதேசியார் வீட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மதினி முறை வந்தது. டப்பாவில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள், பிரித்துப் பார்த்தாள், மடித்து உபதேசியாரம்மா கையில் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த என் கண்ணிலும் பட்டது: 'கதகளி'. சரி, கிரீடம் போடுவாள், பெரிய பாவாடை போடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் ஒரு ரோடு போட்டாள். வளைந்து வளைந்து கீழே இறங்குகிற ரோடு. "குமுளி எறக்கம்!" என்றது ஒரு பிள்ளை. ரோட்டின் அடியில் ஒரு வீடு. வீட்டு வாசலில் ஒரு பெண், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறாள். வீட்டு முற்றத்தில் ஒரு கம்பம், அதன் தலையில் சிலிர்த்துக்கொண்டு ஏதோ நிற்கிறது. "முள்ளம்பன்றி!" என்றான் ஒருவன். "கம்பத்துல எப்படிடா முள்ளம்பன்றி ஏறும்?" என்று சிரிப்பு. "விசிறி", "சேவல் கொண்டை", "குடை பிஞ்சுபோச்சு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மதினி நிமிரவே இல்லை. ரோட்டின் மேல் முனையில் இன்னொரு பெண்ணைப் போட்டாள். வயிறு பெரிதாக இருந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அப்புறம் ரோட்டின் நட்டநடுவில் இரண்டு ஆண்களைப் போட்டாள், முதுகுக்கு முதுகு காட்டி, யாரும் கடந்துபோக இடமில்லாமல்.

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா வெளியே எதையோ பார்க்கப் போகிறவர் போல எழுந்தார், போகவில்லை.

"பனை" என்றான் அண்ணன். பலகையைத் தொட்டுக் காட்டி மறுபடி சொன்னான். "அவ வீட்டு முத்தத்துப் பனை."

உபதேசியாரம்மா கையிலிருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு அதைச் சின்னதாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சரியாச் சொல்லிட்டீங்க தம்பி. பனைதான். ஆண்கள் பக்கம் செயிச்சாச்சு" என்றார். பொய்யே சொல்லாத மனுஷி என்று லயம் முழுக்கப் பெயர் அவருக்கு. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார், இப்போதும் நினைத்தால் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணன் அம்மாவிடம் சொன்னான். "நாளைக்குக் கட்டுச்சோறு ஆக்கு."

"ஏல, கூறு இருக்கா? அது அவுக வீட்டுல இருந்து வரணும். நாம ஆக்கிக் கொண்டுபோனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆக்கு."

அம்மா திட்டிக்கொண்டேதான் ஆக்கினாள். ஆனால் புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெயைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றினாள். வாட்டிய இலையில் கட்டி, துணைக்கு என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். அப்படித்தான் நான் முதல் தடவை மலையை விட்டு இறங்கினேன். குமுளி, கம்பம், மதுரை, பிறகும் பஸ். ஜன்னலுக்கு வெளியே தரை தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது எனக்குத் தலைசுற்றலாக இருந்தது. கடைசியில் செம்மண்ணில் இறங்கி நடந்தபோது ஒரு மரம் வந்தது. நெட்டைக் கம்பம், தலையில் சிலிர்ப்பு. நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். மதினி வரைந்த அதே முள்ளம்பன்றி! அவள் ஒரு கோடு கூடத் தப்பாகப் போடவில்லை.

அண்ணன் அந்தப் பனையடியில் நின்றுவிட்டான். "நீ கூட்டிட்டுப் போ. நான் இங்கன நிக்கேன்" என்றான் என்னிடம். மதினி நாலு எட்டு வைத்தாள், திரும்பி வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் காலடியில் மணலில் உட்கார்ந்தாள். "அவுக வராம நானும் வரல" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவள் அம்மா ஓடிவந்தார். இலைப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்ததும், "நான் கொண்டுவர வேண்டியத நீங்க சுமந்து வந்திருக்கீகளே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். தம்பிக்காரன் வாசலில் வந்து வெகுநேரம் நின்றான். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, "உள்ள வாங்க அத்தான்" என்றான். அண்ணன் தண்ணீர் மட்டும் குடித்தான், அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டான். கடைசி வரைக்கும் அவர்கள் இருவரும் உறவு கொண்டாடிக்கொண்டது கிடையாது. ஆனால் மதினி அங்கே பெண் குழந்தை பெற்று, தொண்ணூறு நாள் கழித்து மலை ஏறி வந்தாள். அதன் பிறகு பென்ஷன் ஆகும் வரை கொழுந்துக் கூடையை இறக்கவில்லை.

கால் நிலைகொள்ளாத நான் எங்கேயும் போகவில்லை, வண்டிப்பெரியாரிலேயே கட்டிக்கொடுத்து இங்கேயே கிடக்கிறேன். அண்ணன் இறந்துபோன பிறகு மதினியைத்தான் அவள் மகள் மதுரைக்குக் கூட்டிப் போய்விட்டாள். முட்டிக்கு மலைக் குளிர் ஆகாதாம். போன பொங்கலுக்கு நான் போயிருந்தேன். அவர்கள் இருக்கும் அடுக்குமாடியில் எல்லாரும் கீழே கூடி விளையாட்டு வைத்தார்கள். வெள்ளைப் பலகை, நீல மார்க்கர், அச்சடித்த அட்டைகள், நம் நாட்டுப் பண்பாடு என்று பெட்டி மேலேயே போட்டிருந்தது. நம்ம விளையாட்டு! என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "எங்கம்மா நல்லா வரைவாங்க" என்று மகள் மதினியை முன்னால் தள்ளிவிட்டாள்.

மதினி அட்டையைப் பார்த்தாள். என்னிடம் கொடுத்தாள். 'பானிபூரி' என்று இருந்தது. அவள் உருண்டை உருண்டையாகப் போட ஆரம்பித்தாள். வரிசை வரிசையாக, சரிவில் ஏறிப் போகிற உருண்டைகள். "முட்டைக்கோஸ் தோட்டம்!" என்றார் ஒருவர். "ஆட்டு மந்தை", "லட்டுத் தட்டு" என்றார்கள். அவள் உருண்டைகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை போட்டாள், மேலே நீளமாக ஒரே கூரை போட்டாள், கூரையின் மேல் சாய்ந்து விழுகிற கோடுகளை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். மகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அம்மா, கார்டுல உள்ளத வரையணும்" என்றாள். கண்டுபிடித்திருக்க வேண்டிய அண்ணன் இப்போது இல்லை.

"பத்தாம் நம்பர் காடு" என்றேன். "மழை பெய்யுது."

எல்லாரும் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்கள். நான் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சரிதான். அதுதான் போட்டிருக்கு" என்றேன்.

அன்று ராத்திரி மகளிடம் பேசிப் பார்த்தேன். டாக்டர், முட்டி, குளிர் என்று நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறக்கிறேன், சாத்துகிறேன். இன்று சாயங்காலம் அரிசி டிரம்மின் மேலிருந்த மூடியை எடுத்துக் கழுவி, கரித்துண்டு ஒன்றையும் பொறுக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டேன். அடுப்பில் புளிச்சோற்றுக்குப் புளி கொதித்துக்கொண்டிருக்கிறது, வாழையிலை வாட்டியாயிற்று. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட வேண்டும், அதுதானே முறை? மதினியை மலைக்குக் கூட்டிவர நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு நான் போகிறேன்.