அணையாத மைக்

மிசிசிப்பியில் பெக்ஃபோர்ட் கல்லூரி பேஸ்பால் அணியின் பெருமையைச் சொல்ல ஹாலிஸ் புரூவிட்டின் குரல்தான் வேண்டும். மற்ற நாளில் அவர் இரும்புக் கடையில் ஆணியும் கீலும் விற்கிறவர். ஆட்ட நாளில் மைதானத்து மேல்கூண்டில் மைக்கைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் முதல் ஆட்டத்துக்கு முன்னால், அணி இறுதிப் போட்டிகளுக்காக ஒமாஹா நகருக்குப் போன வருடங்களை அவர்தான் வாசிப்பார். எழுபத்தேழு, எண்பத்தொன்று, எண்பத்தாறு என்று குரல் ஏற ஏற ஜனம் எழுந்து நிற்கும். எழுபத்துநாலு மட்டும் அதில் வராது. வராததற்குக் காரணம் தாம்தான் என்று மனுஷர் நம்பினார். ஊரும் அப்படித்தான் நம்பியது, அவரை மறக்கவும் விடவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருடம் முதல் தடவையாக ஒமாஹா போக ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. லேமர் டீஸ் என்ற இடதுகைப் பையன் பந்தெறிந்தான். எட்டாவது சுற்று வந்தும் எதிரணியில் ஒருவனாலும் அவன் பந்தை உருப்படியாக அடித்து ஓட முடியவில்லை. ஆட்டத்தின் ஒன்பது சுற்றும் அப்படியே முடிந்தால் அதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். முடிகிறவரை அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கண் பட்டதுபோல எல்லாம் போய்விடும். சக ஆட்டக்காரர்கள் லேமர் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை. வேர்க்கடலைக்காரன் கூவாமலே விற்றுக்கொண்டிருந்தான்.

ஹாலிஸ் அப்போது வாலிபர். வாய் சும்மா இருக்குமா? மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்: "நம்ம பய நோ-ஹிட்டர் போட்டுடுவான் போலிருக்கே."

மைக் அணையவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது. அத்தனை தலைகளும் கூண்டை நோக்கித் திரும்பின. அடுத்த பந்தே மட்டையின் நுனியில் பட்டு, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து விழுந்தது. அதன் பிறகு லேமருக்குக் கை ஓடவில்லை. அணி தோற்றது. ஹாலிஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து ஊர் குத்திக் காட்டாத நாள் இல்லை. முடிவெட்டுகிற ஓட்டிஸ், "ஹாலிஸ், இன்னிக்கு மழை வராதுன்னு மட்டும் சொல்லிடாதப்பா. துணி காயப் போட்டிருக்கேன்" என்பார். கடையே சிரிக்கும். ஹாலிஸும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போனால் சோளரொட்டி தொண்டையில் இறங்காது.

லேமர் அதே ஊரில் மருந்துக் கடை வைத்தார். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஹாலிஸ் தலைவலி மாத்திரைக்குக்கூடப் பக்கத்து ஊருக்கு வண்டியோட்டினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பார், இந்த வாய்தானே கெடுத்தது என்று மூடிக்கொள்வார். சுத்தக் கோழைத்தனம். அவரே தம்மை அப்படித்தான் ஏசிக்கொண்டார்.

தலையெல்லாம் நரைத்த பிறகு ஒரு சனிக்கிழமை ஆட்டம். கோல்பி ரேன் என்ற புதுப் பையன் பந்தெறிகிறான். எட்டாவது சுற்று, இன்னும் ஒருவனும் அடிக்கவில்லை. ஹாலிஸ் மைக்கை அணைத்தார். வயரைப் பிடுங்கினார். அப்படியும் தம்மேல் நம்பிக்கை வராமல் கூண்டைவிட்டே இறங்கி, வேர்க்கடலைக் கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். மட்டை பிடிக்க வருகிறவர்களின் பெயரை வாசிக்க ஆளில்லை. ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது.

கடைசியில் ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. நல்லதா கெட்டதா தெரியாமல் ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறந்தபோது எதிரில் லேமர்.

"பையன் முடிச்சுட்டான். யாராவது சொல்லுவாங்கன்னு ஜனம் காத்துட்டு நிக்குது. வா."

"நான் மாட்டேன் லேமர். வேற யாரையாவது சொல்லச் சொல்லு."

"உன் வாயாலதான் கெட்டுதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். இன்னிக்கு அதை உன் வாயாலதான் கேக்கணும். நட."

இருவரும் மூச்சு வாங்கப் படியேறினார்கள். லேமரே வயரைச் செருகி மைக்கைப் போட்டார். ஹாலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு பையன் பெயரை வாசித்தார். அந்தச் சொல்லையும் சொன்னார். மைதானம் அதிர்ந்தது. மைக்கின் பொத்தானைத் தட்டிவிட்டு லேமர் பக்கம் திரும்பினார்.

"இது உனக்கு வந்திருக்க வேண்டியது. நான் கெடுத்துட்டேன். உன் முகத்துல முழிக்க வெக்கப்பட்டு மாத்திரைகூட வெளியூர்ல வாங்கறேன். மன்னிச்சிடுப்பா."

கீழே சத்தம் திடீரென்று அடங்கியிருந்தது. ஹாலிஸ் எட்டிப் பார்த்தார். அத்தனை தலைகளும் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓட்டிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஹாலிஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். லேமர் கையை நீட்டி மைக்கை அணைத்தார்.

"இத்தனை வருஷத்துல இதை அணைக்க மட்டும் நீ கத்துக்கலையே" என்றார். "திங்கக்கிழமை மாத்திரை வாங்க என் கடைக்கு வா."