துக்கத்துக்கு மூடிய கதவு

ஹில்ஸ்பரோ மேட்டிலிருந்து சாலை இறங்கி ஓனிஹங்காவைத் தொடும் முனையில் செங்கல்லாலான பழைய பப் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் முதல் அந்தப் பத்தாண்டின் இறுதி வரை, காலை வேளைகளில் அதன் தரையைத் துடைத்தவன் நான். அக்காலத்துக்குள் அது மூன்று முதலாளிகளைக் கண்டது. மூன்றாமவர் என் தங்கையின் கணவர். அவர் அதை எவ்வாறு அடைந்தார், எவ்வாறு இழந்தார் என்பதை அறிந்தோர் எங்கள் குடும்பத்தில் இன்று இருவரே எஞ்சியிருக்கிறோம்; ஆதலால் எழுதி வைக்கிறேன்.

நான் கிள்ளானில் அச்சுக் கோத்துப் பிழைத்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. மீதியை ஈய எழுத்துகள் கற்பித்தன. மகனோடு தெற்குக் கோடியிலுள்ள இந்தத் தீவு நாட்டுக்கு வந்தபோது, வீட்டில் சும்மா இருப்பது கூசியதால் அந்தத் துப்புரவு வேலையை ஏற்றேன். குடியைத் தொட்டறியாதவன் பப்பைத் துடைத்தேன். காலையில் வந்து உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிடுவேன். எனவே நான் அறிந்திருந்தது ஆட்கள் எழுந்து போன பின்பு எஞ்சும் பப்பை மட்டுமே: ஒட்டும் தரை, புளித்த வாடை, கவிழ்ந்து கிடக்கும் நாற்காலிகள்.

முதல் முதலாளிகள் வயது முதிர்ந்த வெள்ளைக்காரத் தம்பதியர். மாடியிலேயே குடியிருந்தனர். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கம்பளி ஆலையிலும் உழைத்தவர்கள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். மது ஊற்றிக் கொடுக்கும் மேடையான பாருக்கு மேலிருந்த உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள் அடிக்கப்பட்டிருந்தன; ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சொந்த உலோகக் குவளை தொங்கும். அவரவர் பெயர் அடிப்புறத்தில் கீறப்பட்டிருக்கும். பிறர் அதில் குடிக்கலாகாது. நாட்போக்கில் ஆலை மூடப்பட்டது. துறைமுகத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். தினமும் வந்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள். கிழவிக்கு நோய் கண்டதும் கிழவர் பப்பை விற்றுவிட்டு வடக்கே போனார்.

இரண்டாமவர் இளைஞர். உள்ளே நுழைந்த வாரமே சுவர்களுக்குக் கறுப்புச் சாயம் அடித்தார். பின்னறையில் சூதாட்ட இயந்திரங்களை நிறுத்தினார். குவளைகளைத் தூசு அடையும் குப்பை என்று சொல்லி ஒரு பெட்டியில் கொட்டி நிலவறைக்கு அனுப்பினார். தம் குவளையைக் கேட்டு வந்த பழையவர்கள் கண்ணாடி டம்ளரில் குடிக்க மனமின்றித் திரும்பினர். இயந்திரங்களின் முன்னே அமர்ந்தோர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை; பலர் குடிப்பதும் இல்லை. காலையில் அந்த அறையைத் துடைக்கும்போது, நாற்காலிகள் யாவும் சுவரைப் பார்த்தே கிடக்கும். இரண்டு குளிர்காலங்கள் கழிவதற்குள் அந்த இளைஞரும் கடனில் மூழ்கிப் பப்பை விலைக்கு வைத்தார்.

அந்தச் செய்தியை என் மைத்துனருக்குச் சொன்னவன் நானே. அவர் கிள்ளானில் நில அளவையாளராக மதிப்போடு இருந்தவர். அவருடைய படிப்பை இங்கே ஏற்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். ஹில்ஸ்பரோவில் வாங்கிய வீட்டை வங்கியில் அடகு வைத்துப் பப்பை எடுப்பதென்று முடிவு செய்தார். பப் போனால் வீடு போகும் என்பது எங்கள் மூவருக்கும் முதல் நாளே தெரியும்.

தங்கை எளிதில் இணங்கவில்லை.

"தண்ணிக் கடை மொதலாளி பொண்டாட்டின்னு கோயில்ல பேசுவாங்க லா."

"பேசட்டும். பெட்ரோல் ஊத்துறவன் பொண்டாட்டின்னு இப்ப பேசுறாங்களே, அது இனிக்குதா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க."

"மாப்பிள்ளைக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

முடிவில் அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். அடுத்தவன் சம்பளத்தை விழுங்கும் அந்த இயந்திரங்கள் ஒன்றுகூட இருக்கலாகாது. மைத்துனர் ஒப்புக்கொண்டார், சொன்னபடி அவற்றை அகற்றினார்.

நிலவறையைத் துப்புரவு செய்கையில் குவளைப் பெட்டி அகப்பட்டது. யாவும் கறுத்துப் போயிருந்தன. தங்கை வீட்டிலிருந்து திருநீறு கொண்டுவந்தாள். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவது போல மூவரும் அமர்ந்து அவற்றைத் துலக்கினோம். பின்பு மைத்துனர் ஏணியில் ஏறி, தமக்குத் தோன்றிய வரிசையில் மாட்டினார். அன்று பிற்பகல், துறைமுகத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அது என்னோடது. ஆனா கொக்கி தப்பு. அடுத்தது."

மைத்துனர் மாற்றி மாட்டினார்.

"அந்த மூணையும் சுவத்தைப் பாக்கத் திருப்பு. அவனுங்க செத்துட்டானுங்க."

மைத்துனர் அந்த மூன்றையும் திருப்பினார். பெரியவர் உள்ளே வந்து அமர்ந்தார். மறுநாள் தம் கூட்டாளியை அழைத்து வந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனிதர். அவர் மேலும் சிலரை அழைத்தார். கோடை வருமுன் உத்தரத்திலிருந்த குவளைகளில் பெரும்பாலானவை மாலைதோறும் கீழே இறங்கின.

மைத்துனர் பாருக்குப் பின்னால் தேநீர் குடித்தபடி நிற்பார். அதைப் பார்த்தால் பெரியவருக்குப் பொறுக்காது.

"கீரை திங்கிற கசாப்புக்காரன்கிட்ட யாராச்சும் கறி வாங்குவானா?"

"வாங்கித்தானே நாலு மணியிலேருந்து உக்காந்திருக்கீங்க?" என்பார் மைத்துனர்.

"கேட்டீங்களாடா? பாஸுக்குப் பல் முளைச்சிருச்சு!"

நான் மாலையில் தங்கியிராதவன். இவற்றையெல்லாம் மைத்துனர் மறுநாள் காலை எனக்குச் சொல்லிச் சிரிப்பார். வங்கிக்கு உரிய தவணை தவறாமல் போயிற்று. தங்கை கோயிலில் யார் என்ன பேசினார்கள் என்று கவலைப்படுவதை விட்டாள்.

இவ்வாறு இரண்டாண்டுகள் சென்றன. பின்னர் ஒரு குளிர்காலத்தில் பெரியவர் உறக்கத்திலேயே இறந்தார்.

செய்தி வந்ததும் மைத்துனர் பாருக்குப் பின்னாலிருந்த முக்காலியில் அமர்ந்துவிட்டார். தம் தந்தைக்கு அழுததை நான் பார்த்ததில்லை, இவருக்கு அழுதார். அந்தக் குவளையைத் தாமே இறக்கித் துலக்கி, வாய்ப்புறம் சுவரை நோக்க மாட்டினார்.

"மச்சான், அடக்கத்தன்னிக்குக் கடைய மூடிருவோம். அவரு இல்லன்னா இந்தக் கடையே இல்ல. அவரு போற நாள்ல ஏவாரம் பண்ணினா நாம மனுசனா?"

எனக்கும் அதுவே முறையாகப் பட்டது. கிள்ளானில் எங்கள் கடைத்தெரு வழியாகச் சவ ஊர்தி வந்தால், முன்பின் அறியாதவருடையதாயினும் கடைக் கதவுகளைப் பாதி சாத்துவோம். நெருங்கியவர் இறந்தாலோ அன்று முழுவதும் பூட்டுத்தான். "மறைந்த நண்பருக்கு மரியாதை செலுத்தும் பொருட்டு இன்று திறக்கப்படாது" என்று மைத்துனர் ஆங்கிலத்தில் எழுதினார். கதவில் அதை ஒட்டியவன் நான். தங்கை தொடுத்துக் கொடுத்த வெள்ளைப் பூச்சரத்தைக் கைப்பிடியில் சுற்றினேன்.

எரியூட்டு மண்டபத்துக்கு மைத்துனர் தனியே சென்றார். கறுப்புக் கோட்டுகளின் நடுவே அவர் ஒருவரே வெள்ளைச் சட்டை. பின்வரிசையில் நின்றார். பெட்டி திரைக்குப் பின்னால் சென்றதும், நம் வழக்கப்படி எவரிடமும் விடைபெறாமல் வெளியேறினார். நேரே வீடு வந்து, வாசலில் செருப்பை விட்டு, எவரையும் தொடாமல் குளித்தார். அன்று மாலை வரை தங்கை அடுப்பு மூட்டவில்லை. அந்தப் பெரியவரை எங்கள் வீட்டு மனிதராகவே நாங்கள் துக்கம் காத்தோம்.

மறுநாள் பப்பைத் திறந்தார். ஒருவரும் வரவில்லை. துக்கம் ஆறட்டும் என்றார். அந்த வாரம் கழிந்தது. அடுத்த வாரமும் அவர்கள் வரவில்லை. குவளைகளைக் கேட்டும் எவரும் வரவில்லை. வந்து கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு ஏதேனும் விளங்கியிருக்கும். மைத்துனர் மாலைதோறும் கதவைப் பார்த்தபடி நிற்பதாகத் தங்கை சொன்னாள்.

"போய்க் கேளுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"என்னான்னு கேக்குறது? ஏன் குடிக்க வரலன்னா? பிச்சை கேக்குற மாதிரி இருக்கு மச்சான்."

ஆகவே நான் போனேன். கடைவீதியின் மறுகோடியில் இன்னொரு பப் இருந்தது. பெரியவரின் கூட்டாளியான ரயில்வேக்காரர் சன்னலோரம் அமர்ந்திருந்தார். முன்னால் கண்ணாடி டம்ளர். என்னை அவர் துடைப்பக்காரனாக அறிவார்.

"எங்கள் மேல் என்ன கோபம்?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"அவனை அனுப்பிட்டு அங்கதான் வந்தோம். வேற எங்க போவோம்? எங்கள்ல எவன் செத்தாலும் அங்கதான். அவன் இடத்துல முதல் பியர் ஜக்கை வச்சு, பாட்டுப் பாடி, அவனைத் திட்டி, சிரிச்சு, அப்புறம்தான் வீட்டுக்கு. பழைய மொதலாளி கிழவர் காலத்துல அன்னிக்குச் சீக்கிரமே தெறந்து வச்சிருப்பாரு. யாரும் போய்ச் சொன்னதில்ல. சொல்லணுமா?"

நான் எதிரே அமர்ந்தேன்.

"மழை. பூட்டு. பொம்பளைங்க எல்லாரும் வீட்ல செஞ்ச சாண்ட்விச், கறி ரொட்டி எல்லாம் தட்டுத் தட்டா கொண்டு வந்திருந்தாங்க. அவன் பொண்டாட்டி கையில தட்டை வச்சுக்கிட்டு அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னா. உள்ள இருக்கீங்களோன்னு தட்டிக்கூடப் பாத்தா."

"கதவில் எழுதியிருந்தோமே."

"படிச்சோம். மரியாதையாம்! எங்க அழுகை உங்க தரையில சிந்திரக் கூடாதுன்னு பூட்டிட்டீங்கன்னு நெனச்சோம். மண்டபத்துலயும் உன் ஆளு மூஞ்சிகூடக் காட்டாம, ஒரு வார்த்தை பேசாம நழுவிட்டான்."

எங்கள் வழக்கத்தை என்னால் இயன்ற ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். கடையைப் பூட்டுவது, விடைபெறாமல் வருவது, குளிப்பது, அடுப்பு மூட்டாதது யாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ அவனுக்காகத்தான் பூட்டினீங்க?"

"ஆம்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. "அது தெரிஞ்சா பெட்டிய ஒடைச்சுக்கிட்டு வந்து கதவத் தெறந்திருப்பான்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "புரியுது தோழா. நெசமாவே புரியுது." பின்பு, "ஆனா அவ அந்த மழையில நின்னா" என்று சொல்லி, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளக்கினால் தீரும் என்று எண்ணிச் சென்றவன் நான். அவருக்கு விளங்கியது, எனினும் அவர் வரவில்லை.

மைத்துனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார்.

"சாப்பாட்டோடயா வந்தாங்க?"

"தட்டுத் தட்டா கொண்டு வந்தாங்களாம்."

கையில் உணவோடு வந்தவர்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்பினோம் என்பது அவரை உள்ளுக்குள் உடைத்தது. மறுநாள் பெரியவருடைய மனைவியின் வீட்டைத் தேடிப் போனார். அவர் மகளோடு இந்நாட்டின் தென்தீவுக்குப் போய்விட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்களாம்.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. தவணைகள் தவறின. வங்கியிலிருந்து அழைத்தார்கள். தங்கை தானே ஒருநாள், "அந்த மெசினுங்கள வேணும்னா திரும்ப வைங்க" என்றாள். தான் விதித்த ஒரே நிபந்தனையை அவளே தளர்த்தியபோது, அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அச்சமூட்டியது. இயந்திரங்கள் வந்தன. சுவரைப் பார்த்த நாற்காலிகளை நான் மீண்டும் துடைத்தேன். அவையும் காக்கவில்லை. பப்பை மதுப்புட்டிகள் விற்கும் ஒரு கடைக்காரர் வாங்கினார். பாரை இடித்துத் தள்ளிவிட்டு அலமாரிகள் அடுக்கப் போவதாகச் சொன்னார். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை. ஹில்ஸ்பரோ வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நட்டார்கள்.

சாவியை ஒப்படைப்பதற்கு முதல் நாள் மைத்துனர் ஏணியில் ஏறிக் குவளைகளை இறக்கினார். தங்கை மறுபடியும் திருநீறு எடுத்து வந்தாள். துலக்கி, பழைய பெட்டியில் அடுக்கி, நானும் அவரும் மறுகோடிப் பப்புக்குச் சுமந்து சென்றோம். மாலை வேளை. எல்லாரும் அங்கிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. மைத்துனர் பெட்டியை ரயில்வேக்காரரின் மேசையில் வைத்தார்.

"இது உங்களோடது. பெரியவரோடதும் இதுல இருக்கு."

ரயில்வேக்காரர் பெட்டிக்குள் கைவிட்டுத் தம் குவளையை எடுத்தார். திருப்பி அடிப்புறத்திலிருந்த தம் பெயரைப் பார்த்தார். "பளபளப்பா இருக்கு" என்றார். அதை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடி டம்ளரிலிருந்தே ஒரு வாய் குடித்தார். எங்கள் பக்கமாக நாற்காலி எதுவும் நகரவில்லை. மைத்துனர் சற்று நின்றார். பின்பு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, கேட்கும்படி, "போய் வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் விடைபெற்றார். ஓரிருவர் தலையசைத்தனர்.

வீட்டில் தங்கை பாத்திரங்களைத் தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"உக்காரச் சொன்னாங்க" என்றார் மைத்துனர்.

"உக்காந்துட்டு வர்றதுதானே?"

"எங்க நேரம்? சாமான் கட்ட வேணாமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒரு தாளை எடுத்து, அடுத்த தட்டைச் சுற்றத் தொடங்கினேன்.